சரளத்துக்குப் பத்து மதிப்பெண்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் என்று ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் அந்த வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு அது தெரியும். நிறவெறிச் சட்டங்கள் தங்கள் குடும்பத்தை என்ன செய்தன என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டு, பதிவு செய்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் பாடம் நடத்தும் பள்ளியில் அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லவும் வேண்டும். எங்கள் ஊரான, டர்பனின் இந்தியக் குடியிருப்புப் பகுதி சாட்ஸ்வர்த்தில் இதற்காகக் கதை தேடி அலைய வேண்டியதே இல்லை. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குழு வாழிடச் சட்டத்தின் பெயரால் வேறெங்கிருந்தோ பெயர்த்து எடுக்கப்பட்டவர்கள்தான் அறுபதுகளில் இங்கே வந்து சேர்ந்தார்கள். கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பதிவுக் கருவியை அணைப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

இந்தத் திட்டத்துக்கு எங்கள் பள்ளியில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. வரலாற்று விவரம், சான்று, காலவரிசை என்று போய், கடைசியில் ‘சரளமாகவும் தயக்கமின்றியும் பேசுதல்’ என்று ஒரு வரி. அதற்குப் பத்து மதிப்பெண். சில வருடங்களாக இந்த ஒரு வரி என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர்களையும் பேச்சு சிகிச்சையாளர்களையும் நாம் எப்படிப் பயிற்றுவிக்கிறோம் என்ற கேள்வியே அந்த வரிக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். எழுத்தில் வகுப்பிலேயே முதல். பேச வாயைத் திறந்தால் சில சொற்களில் தாடை பூட்டிக்கொள்ளும், சத்தமே வராது. தன் பெயரைச் சொல்வதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடச் சிரமம். வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் அதற்குப் பக்கத்துச் சொல் ஒன்றைப் போட்டுத் தப்பித்துவிடலாம். பெயருக்கு அப்படி வழியில்லை. மினிபஸ் டாக்ஸியில் வரும்போது நிறுத்தச் சொல்ல வாய் எழாமல், அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது தானும் இறங்கி, திரும்பி நடந்து வருவான். வகுப்புக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்டால் அதையும் பேசித்தானே சொல்ல வேண்டும்? அதனால் சும்மா நிற்பான்.

திட்டத்துக்கு அவன் தன் ஆயாவைத்தான், அதாவது பாட்டியைத்தான், கேட்டிருந்தான். மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். டர்பன் மாநகராட்சியில் வேலை செய்த இந்தியர்களின் குடியிருப்பு அது. தமிழரும் தெலுங்கரும்தான் அங்கே அதிகம். பதிவை நான் முழுதும் கேட்டேன். ஆயா பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். “எல்லா சண்டையும் தண்ணிக் குழாய்கிட்டதான், எல்லா கல்யாணப் பேச்சும் அங்கதான்” என்கிறார். பையன் நடுநடுவே கேள்வி கேட்கிறான். ஆயாவிடம் பேசும்போது அவன் அவ்வளவாகத் திக்குவதில்லை. அவனுடைய கேள்விகள் நல்ல கேள்விகள். வீட்டை இடிக்கிற நாளில் யார் யார் வேலைக்குப் போனார்கள், யார் வீட்டில் இருந்தார்கள் என்று கேட்கிறான். வரலாறு படித்த பெரியவர்கள்கூட அதைக் கேட்கத் தவறியிருப்பார்கள். இந்தப் பையன் சரளத்துக்கு என்ன வாங்கப் போகிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பாடும்போது திக்காதவன்

இவன் வருடாவருடம் தமிழ் ஐஸ்டெட்ஃபோட் என்ற கலைப் போட்டியில் பதிகம் பாடுகிறவன். மேடையில் ஒரு எழுத்து தடுக்காது. தமிழில் பேசத் தெரியாத பிள்ளைகள் பலர் நம் ஊரில் அப்படிப் பாடிப் பரிசு வாங்குகிறார்கள். ஆனால் இவன் விஷயத்தில் அந்த மேடையே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. “பாடும்போது வரலையே, பேசும்போது மட்டும் எப்படி வருது? பயம்தான். கொஞ்சம் அதட்டினா சரியாப் போயிடும்” என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆயாவோ வேறு வழியில் போனார். ஐந்து வயது வரை பேசாமலிருந்த குமரகுருபரருக்குத் திருச்செந்தூர் முருகன் வாய் கொடுத்தான் அல்லவா, அந்தக் கதையை அவனுக்குச் சொல்லி, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனை அதட்ட வேண்டும் என்று நினைக்காத ஒரே ஆள் ஆயாதான்.

திக்கிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாடும்போது திக்கல் வராது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும் அப்படித்தான். தாளம் இருக்கிறது, உயிரெழுத்து நீள்கிறது, அடுத்த சொல் என்னவென்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. இதை வைத்து ஒருவன் நடிக்கிறான் என்று சொல்ல முடியாது. திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்காவது ஒரு கட்டத்தில் வருகிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நிற்கிறது. அவர்களில் ஆண்களே மிக அதிகம். பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பயம் அதைக் கூட்டும், ஆனால் பயத்தால் அது உண்டாவதில்லை. பேச்சு சிகிச்சை படிக்கும் எந்த மாணவருக்கும் இது அரிச்சுவடி. சமூக அறிவியல் ஆசிரியராகப் படிக்கும் மாணவரோ நான்கு வருடம் முடித்து வகுப்புக்குள் வரும்போதும் இதில் ஒரு வரி தெரியாமல் வரலாம். ஆனால் அந்தப் பையன் வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பது ஆசிரியரின் வகுப்பில்தான்.

ஸ்டாஃப் ரூம் மேசை

அந்தப் பருவத்தில் எங்கள் பள்ளிக்கு இரண்டு மாணவர்கள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். ஒருவன் பி.எட். கடைசி வருடம், என் வகுப்பில் பாடம் நடத்திப் பழகினான். மற்றவள் பேச்சு சிகிச்சை படிப்பவள். வாரத்தில் ஒரு நாள் வந்து, நூலகத்துக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். இருவரும் அந்தப் பையனைப் பற்றி என்னிடம் தனித்தனியாக வந்து பேசினார்கள். “மேம், நல்ல பையன். ஆனா வாய்மொழியில தேற மாட்டான். விலக்கு வாங்கிடலாமா?” என்றான் இவன். “என்கிட்ட நல்லாப் பேசறான் மேம். வகுப்புல எப்படின்னு எனக்குத் தெரியாது. வகுப்பை நான் பார்த்ததே இல்லை” என்றாள் அவள். ஒரே பையன், ஒரே பள்ளி, ஒரே வருடத்தில் பட்டம் வாங்கப் போகும் இருவர். ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. கற்பித்தல் பயிற்சி ஒரு கால அட்டவணைப்படி நடக்கிறது, சிகிச்சைப் பயிற்சி இன்னொன்றின்படி. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல்.

இடைவேளையில் இருவரையும் ஸ்டாஃப் ரூமில் ஒரே மேசையில் உட்கார வைத்து, மதிப்பெண் தாளை நடுவில் போட்டேன். அவள் முழுதும் படித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தாள். “இந்தப் பத்து மார்க் எதை அளக்குது? ஆயா சொன்னதை அவன் புரிஞ்சுக்கிட்டதையா, அவன் தொண்டையையா?” என்று கேட்டாள். பையன்களைக் கட்டி மேய்க்கிற உற்சாகத்தில் இருந்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவனும் கேட்டான்: “சரி, நாற்பது பிள்ளைங்க. ஆளுக்கு அஞ்சு நிமிஷம். அவன் ஒரு சொல்லில நின்னுட்டா நான் என்ன செய்யணும்? எங்க பார்க்கணும்? கையை எங்க வைக்கணும்?” அவன் கையைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பறையில் நிற்கிறவருக்கு மட்டுமே அந்தக் கேள்வி வரும்.

அவள் சொன்னாள். அவன் முகத்தைப் பார், தரையைப் பார்க்காதே. சொல்லை நீ முடித்துக் கொடுக்காதே. மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்து விடு என்று சொல்லாதே. அவன் அதைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். மற்ற பிள்ளைகள் சிரித்தால் அவனை உட்கார வைக்காதே, அவர்களை நிறுத்து. இவன் குறிப்பெடுத்துக்கொண்டான். பிறகு அவளுக்குத் தெரியாதவற்றை இவன் சொன்னான். வரிசையில் காத்திருப்பது வகுப்பில் எப்படி இருக்கும், எந்தப் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், பாட நேரத்தில் கேள்வி கேட்கும்போது எவன் முதலில் கையைத் தூக்குவான் என்றெல்லாம். ஸ்டோர் ரூமில் தனியாகப் பேசிப் பழகியது அந்த நாற்பது பேருக்கு முன்னால் நிற்காது என்பதை அவள் அப்போதுதான் கண்ணெதிரே கண்டாள். விலக்கா, வேறு ஏற்பாடா என்ற பேச்சு வந்தபோது, “அதை அவன்கிட்டயே கேட்போம்” என்றாள்.

கேட்டோம். விலக்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஆயாவின் கதையை வேறு யாரும் சொல்லக் கூடாது, தானே சொல்ல வேண்டும். நேரம் பார்க்கக் கூடாது. முதல் ஆளாக விட வேண்டும். தன் முறை வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தண்டனை. தான் திக்குவதைத் தானே முதலில் வகுப்புக்குச் சொல்லிவிடுவான். நடுவில் ஆயாவின் குரலைப் போட்டுக் காட்டுவான். இவ்வளவையும் அவன் சொல்லி முடிக்க மணி அடித்து அடுத்த பாடமும் தொடங்கிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் எழுந்து போகவில்லை.

எங்கே படிக்கிறார்கள்

இந்தப் பிரிவினை இங்கே தொடங்கியதில்லை. பேச்சு சிகிச்சை ஒரு பல்கலைக்கழகப் படிப்பாக உருவெடுத்த முக்கியமான இடங்களில் ஒன்று அமெரிக்காவின் ஐயோவா. அங்கே அதை வளர்த்தவர்களில் வெண்டல் ஜான்சன், சார்ல்ஸ் வான் ரைப்பர் இருவரும் தாங்களே திக்கிப் பேசியவர்கள். அதே ஐயோவாவில், ஜான்சனின் மேற்பார்வையில், 1939இல் அனாதை இல்லத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம் உங்கள் பேச்சு சரியில்லை, திக்குகிறீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கவே தயங்கத் தொடங்கினார்கள். 2001இல் அந்தப் பல்கலைக்கழகம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. பேச்சைக் குறை சொல்லிக் குறை சொல்லி ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட முடியும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை. நாற்பது பேர் முன்னால் சரளத்துக்கு மதிப்பெண் படித்துச் சொல்வது அதற்கு அவ்வளவு தூரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்தத் துறை 1930களில் ஜோகன்னஸ்பர்க்கில், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில், பியெனார் என்ற ஒலியியல் அறிஞரின் முயற்சியால் தொடங்கியது. ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் பேசும் வெள்ளைக்காரர்களை மனத்தில் வைத்து வளர்ந்த படிப்பு. இந்தியர்களுக்கென்று அரசு ஏற்படுத்திய கல்லூரி 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் நடந்தது; அதுதான் பிறகு வெஸ்ட்வில் குன்றுக்கு ஏறி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது, 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. அந்தக் குன்றிலிருந்து வந்தவர்தான் ஹர்ஷா கத்தார்ட். திக்கிப் பேசுகிறவர்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாயாலேயே கேட்டு அங்கே முனைவர் ஆய்வு செய்தார். கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, அவரும் அவருடைய குழுவினரும் ஏழாம் வகுப்பு ஆசிரியர்கள் கையில் கொடுக்க ஒரு கருவியை உருவாக்கினார்கள். ஒரு கதை, நடித்துக் காட்டுதல், அதைப் பற்றிய பேச்சு. திக்கும் பிள்ளையைத் திருத்துவது அதன் நோக்கமில்லை. கூட இருக்கும் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத் தொடுவதுதான் நோக்கம். அதை வகுப்பில் நடத்துகிறவர் ஆசிரியர், சிகிச்சையாளர் அல்ல. இந்த எண்ணம் நம் நாட்டிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறது என்பதை எத்தனை ஆசிரியர்களிடம் நான் சொல்லியிருப்பேன்! கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

இன்றைக்கும் பேச்சு சிகிச்சை பெரும்பாலும் மருத்துவம் சார்ந்த துறைகளோடு உட்காருகிறது. நான்கு வருடப் படிப்பு. உடலியல், ஒலியியல், குழந்தை மொழி, பக்கவாதத்துக்குப் பின் பேச்சு, விழுங்கும் சிரமம், குரல் என்று விரிகிறது. முடித்ததும் ஒரு வருடம் கட்டாய சமூகப் பணி, அரசு மருத்துவமனைகளில். 2003 முதல் அப்படி. கிராமப்புற மருத்துவமனைக்கு அந்த ஏற்பாடு பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் சாதாரணப் பள்ளியின் வாசலை அவர்கள் மிதிப்பது குறைந்துபோகிறது. ஆசிரியர் படிப்பு இன்னொரு துறையில், பல சமயம் இன்னொரு வளாகத்தில். சமூக அறிவியலுக்கு வரலாறும் புவியியலும், அவற்றைச் சொல்லித்தரும் முறையும். யாருடைய குரல் பதிவானது, யாருடைய குரல் விட்டுப்போனது என்று எங்கள் முறையியல் வகுப்புகளில் அழகாக விவாதிப்போம். அந்தக் குரலை வகுப்பில் எழுப்ப முடியாத பிள்ளையை என்ன செய்வது என்ற பேச்சு அந்த வகுப்புக்குள் வராது. அது சிறப்புக் கல்வியின் விஷயம் என்று தள்ளப்பட்டுவிடும்.

சிறப்புக் கல்வி மூன்றாவது அறை. 2001இல் வந்த ஆறாம் வெள்ளை அறிக்கை என்ற அரசுக் கல்விக் கொள்கை, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே முறைக்குள் கொண்டுவர 20 வருடத் திட்டம் போட்டது. எல்லா வகைத் தேவையுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் முழுச்சேவைப் பள்ளிகள் 500 என்று சொன்னது. 2014இல், தேவையைக் கண்டறிந்து உதவி செய்வதற்கான கொள்கையும் படிவங்களும் வந்தன. முதல் படிவத்தை வகுப்பாசிரியர் நிரப்ப வேண்டும், அதிலிருந்துதான் மற்றதெல்லாம் நகரும். நல்ல கொள்கை. ஆனால் படிக்கப் பின்தங்குகிற பிள்ளையைத்தான் அந்தப் படிவம் சுலபமாகப் பிடிக்கிறது. எழுத்தில் முதலாக வருகிறவன், வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருகிறவன், யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவன், இவனுக்காக யார் படிவத்தை எடுக்கிறார்கள்? அவன் தேறிவிடுகிறான், அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தத் தாள்

அவன் பேசினான். மேகசின் என்ற சொல்லிலேயே முதலில் நின்றான், வகுப்பு காத்திருந்தது. மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆனது. ஆயாவின் பதிவு ஓடியபோது, சூலு பேசும் பிள்ளைகள் சிலர் தங்கள் பாட்டிகளும் கேட்டோ மேனரில் இருந்ததாகச் சொல்லி அவனிடம் கேள்வி கேட்டார்கள். அவன் பதில் சொன்னான்.

அன்றைக்குப் பி.எட். மாணவன் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பையனின் தாளில் மட்டும் சரளத்துக்கான வரியை எடுத்துவிட்டிருந்தோம். துறைத் தலைவர் மதிப்பெண்களைச் சரிபார்க்கும்போது, ஒரு பையனுக்கு மட்டும் ஏன் அந்தக் கடைசி வரி இல்லை, மற்றவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. “அப்போ எல்லாருக்கும் எடுத்துடலாம் சார்” என்றான் இவன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி சூலு. இங்கிலீஷில் யோசித்துச் சொல்வதற்கு அவர்களுக்கும் நேரமாகிறது. ஆயாவோடு தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசி வளர்ந்தவர்கள் வாக்கியத்தை வேறு ஒழுங்கில் கட்டுகிறார்கள். இவர்கள் எல்லாரும் இத்தனை வருடமாக அந்தப் பத்தில் இரண்டையும் மூன்றையும் இழந்துகொண்டிருந்தார்கள். வேறுபாடு எது, குறைபாடு எது என்று பிரித்துப் பார்ப்பது பேச்சு சிகிச்சைப் படிப்பின் அடிப்படைப் பாடம். அந்த மேசையில் அவளிடம் கேட்டதைத்தான் இவன் வரலாற்றுத் தாளுக்குக் கொண்டு வந்தான். துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார். அந்த வரி போய், ‘சான்றைத் தன் முறையில் எடுத்து விளக்குதல்’ என்று வேறொன்று வந்தது.

அடுத்த வருடம் புதிதாக அச்சடித்த தாளில் பழைய வரி திரும்பி வந்திருந்தது. மாணவர்கள் இருவரும் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். துறைத் தலைவரும் மாற்றலாகிப் போயிருந்தார். எடுத்துவிடுங்கள் என்று நான் மறுபடி சொல்கிறேன், சில வருடம் எடுக்கிறார்கள், சில வருடம் மறந்துவிடுகிறது. இரண்டு பேர் தற்செயலாக ஒரே நாளில் வந்ததால் நடந்த நல்லது, அந்தத் தற்செயலோடு போய்விட்டது. இதுதான் என்னை விடாமல் துரத்துகிறது. ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கை இப்படிக் கிழமைக் கணக்கை நம்பி இருக்கலாமா?

பல்கலைக்கழகங்களால் முடியாது என்று சொல்ல வேண்டாம். 2014இல் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம், புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்கள் எந்தத் துறையானாலும், சூலு தெரியாதவர்கள் ஒரு பாடமாக அதைப் படித்தே ஆக வேண்டும் என்று விதித்தது. எதிர்ப்பும் வந்தது, ஆனாலும் விதித்தார்கள். துறைகளைத் தாண்டி ஒன்றைக் கட்டாயமாக்க முடியும் என்பதற்கு அதுவே போதும். நான் கேட்பது அதைவிடச் சிறியது. கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவர்களையும் பேச்சு சிகிச்சை மாணவர்களையும் சிறப்புக் கல்வி படிப்பவர்களையும் மூன்றாம் வருடத்தில் ஒரே பள்ளிக்கு, ஒரே வாரங்களில் அனுப்புங்கள். ஒரே பிள்ளையைப் பற்றி மூவரும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதட்டும். சிகிச்சை மாணவி ஸ்டோர் ரூமுக்குப் போவதற்கு முன் ஒரு முழுப் பாட நேரம் வகுப்பின் பின்வரிசையில் உட்காரட்டும். ஆசிரிய மாணவன் ஒரு முறையாவது அந்த ஸ்டோர் ரூமில் உட்காரட்டும். மதிப்பெண் தாள் தயாரிப்பதை மூவரும் சேர்ந்து செய்யட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தத் துறைகளில் வேலை செய்கிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். வாய்மொழி வரலாறு எங்கள் பள்ளியில் மூன்றாம் பருவத்தில் வருகிறது. தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். மூன்று துறையிலிருந்தும் மாணவர்களை ஒன்றாக எடுத்துக்கொள்ள அவர் சம்மதித்திருக்கிறார். உங்கள் பயிற்சி அட்டவணைகள் முடிவாவதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.